ஐந்து ஆண்டு உழைத்த போனுக்குப் பிறகு பிராண்டை மாற்றலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் வசிக்கும் நீங்கள் 2021ஆம் ஆண்டு வாங்கிய சாம்சுங் கலக்சி ஏ52 போனை ஐந்தாவது ஆண்டாகப் பாவிக்கிறீர்கள். மாலை நான்கு மணிக்கே பற்றரி இறங்கிவிடுகிறது, செயலிகள் திறக்கத் தாமதமாகின்றன. உங்கள் மகன் 150,000 ரூபாவுக்குப் பாவித்த ஐபோன் 13 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். கடைக்காரர் 90,000 ரூபாவுக்குப் புதிய சீன அன்ட்ரொயிட் போன் ஒன்றைக் காட்டுகிறார். உங்கள் மனமோ 130,000 ரூபா அளவில் பழகிய பிராண்டிலேயே இருந்துவிடலாம் என்கிறது. இறுதியில் "எந்த பிராண்ட் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியதை இரண்டு தரம் வாசித்தபோது அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப்பட்டது: கொடுக்கும் காசுக்கு எது கூடிய காலம் உழைக்கும், பழகிய இடத்தை விட்டுப் போனால் எதையெல்லாம் இழக்க வேண்டிவரும் என்பவையே அவை. அவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.

நான் கொழும்பில் 16 ஆண்டுகளாகப் போன் திருத்தும் தொழிலில் இருப்பவன். முதலில் புறக்கோட்டையில் ஒருவரிடம் வேலை பழகி, பிறகு சொந்தமாகச் சிறு கடை வைத்தேன். இதனால் எனக்கு ஒரு பார்வைக் குறைபாடு உண்டு. என் மேசைக்கு வருபவை எல்லாம் பழுதான போன்கள். ஒரு குறையுமின்றி ஆறு ஆண்டு ஓடும் போனை நான் காண்பதே இல்லை. ஒரு பிராண்ட் என்னிடம் அதிகம் வருகிறது என்றால், அது அதிகம் பழுதாகிறது என்றும் பொருள்கொள்ளலாம், அதிகம் விற்பனையாகிறது என்றும் பொருள்கொள்ளலாம். ஆகவே "இந்த பிராண்ட் கெட்டுப்போகும், அது கெட்டுப்போகாது" என்று ஒரு திருத்துநர் அடித்துச் சொன்னால், அதை அவருடைய தெருவின் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படக்கருவியின் தரம் பற்றியும் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அதைக் கடையில் நின்று, உங்கள் கண்ணால், மங்கிய வெளிச்சத்தில் பத்துப் படம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இப்போதுள்ள போனிலிருந்து தொடங்குவோம். பற்றரி பற்றி எனக்கு ஐயமே இல்லை. லித்தியம் அயன் பற்றரி எந்தப் பெயர் பொறித்த போனில் இருந்தாலும் தேயும். ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பற்றரி 500 முழுச் சார்ஜ் சுற்றுகளின் பின்னும், ஐபோன் 15 முதல் 1,000 சுற்றுகளின் பின்னும், ஆரம்பக் கொள்ளளவில் 80 வீதத்தைத் தக்கவைக்குமாறு வடிவமைக்கப்பட்டது என்று அப்பிள் நிறுவனமே சொல்கிறது. அதுவும் உகந்த சூழலில். தினமும் ஏறத்தாழ ஒரு சுற்றுப் பாவிக்கும் ஒருவருக்கு நான்கரை ஆண்டில் 1,500 சுற்றுகள் கடந்திருக்கும். உங்கள் போன் மாலை வரை தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம். வேகக்குறைவின் காரணம் அவ்வளவு உறுதியானதல்ல. உள் நினைவகம் விளிம்புவரை நிரம்பினால் எழுதும் வேகம் குறையும். செயலிகள் ஒவ்வோர் ஆண்டும் கனத்துக்கொண்டே போகின்றன. தேய்ந்த பற்றரி உச்ச மின்னோட்டத்தைத் தர முடியாமல் திணறுவதும் உண்டு. பழைய பற்றரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் அப்பிள் ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு குறைந்த விலைக்குப் பற்றரி மாற்றிக் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். உங்கள் போனில் எது காரணம் என்பதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. நினைவகத்தில் கால்பங்கைக் காலியாக்கிவிட்டு ஒரு வாரம் பாவித்துப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், புதிய பிராண்டுக்கு மாறியவர்கள் "என்ன வேகம், இரண்டு நாள் பற்றரி நிற்கிறது!" என்று வியப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சியில் பெரும்பங்கு பழசிலிருந்து புதுசுக்கு வந்ததால் கிடைத்தது. அதே பிராண்டில் புதிய போன் வாங்கியிருந்தாலும் அதே வியப்புத்தான். நான்கரை ஆண்டுப் பழைய சாம்சுங்கையும் நேற்றுப் பெட்டி உடைத்த இன்னொரு போனையும் பக்கத்தில் வைத்து பிராண்டுகளை ஒப்பிடக்கூடாது.

பற்றரியை மட்டும் மாற்றி இன்னும் ஓராண்டு ஓட்டலாமா என்றும் நீங்கள் யோசிக்கலாம். ஏ52 மாதிரிக்கு மூன்று அன்ட்ரொயிட் பதிப்பு ஏற்றங்களும் நான்கு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட்டுகளும் வாக்களிக்கப்பட்டன. அன்ட்ரொயிட் 11இல் தொடங்கி 14 வரை அது வந்துசேர்ந்தது. பாதுகாப்பு அப்டேட் காலம் 2025உடன் முடிந்துவிட்டது. அதனால் மறுநாளே போன் ஆபத்தானதாகிவிடாது. உலாவியும் செயலிகளும் கூகுளின் சில பாதுகாப்புக் கூறுகளும் தனியாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ஆனால் இயங்குதளத்தின் அடியில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் இனி அடைக்கப்படமாட்டா. வங்கிச் செயலி இல்லாத இரண்டாவது போனுக்கு இது போதும். சம்பளம் வந்து இறங்கும் வங்கிக்கணக்கு உள்ள போனுக்கு, ஆறு மாதத்துக்கு மேல் நான் இழுத்தடிக்கமாட்டேன்.

இனிப் பணப் பெறுமதி. நம் ஊரில் விலைச்சீட்டைப் பார்த்தே மலிவு, விலை என்று பேசுகிறோம். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டு, டொலர் 200இலிருந்து 360 வரை ஏறியதையும், 2024 ஜனவரி முதல் 18 வீதப் பெறுமதி சேர் வரி போன்கள் மீதும் விழுந்ததையும் பார்த்த பிறகு, விலைச்சீட்டைக் கண்டு தலைசுற்றுவது இயல்புதான். நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு மிக எளியது: வாங்கும் விலையோடு இடையில் வரும் நிச்சயச் செலவைக் கூட்டி, விற்கும்போது கிடைப்பதைக் கழித்து, பாவிக்கும் மாதங்களால் வகுக்க வேண்டும். நீங்கள் தந்த மூன்று விலைகளையே எடுத்துக்கொள்வோம். மறுவிற்பனைத் தொகைகள் மட்டும் நான் உதாரணத்துக்கு இட்டவை, அவற்றை நீங்கள் அன்றைய சந்தையில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். பாவித்த ஐபோனுக்கு 150,000, அதற்கு ஒரு பற்றரி மாற்றம் 20,000. மூன்று ஆண்டின் பின் 50,000க்கு விற்றால், மாதம் 3,333 ரூபா. சீன அன்ட்ரொயிட்டுக்கு 90,000. மூன்று ஆண்டின் பின் 20,000 கிடைத்தால், மாதம் 1,944 ரூபா. பழகிய பிராண்டில் 130,000. ஐந்து ஆண்டு வைத்திருந்து 15,000க்குக் கொடுத்தால், மாதம் 1,917 ரூபா. கடையில் 40,000 ரூபா வித்தியாசமாகத் தெரிந்த கடைசி இரண்டும் கணக்கில் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. "ஐபோன் என்றால் விலை நிற்கும், அதனால் அது இலாபம்" என்ற பேச்சின் முதற்பாதி உண்மை. இரண்டாவது பாதி, ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் விற்கத் தெரிந்தவருக்கு மட்டுமே உண்மை.

இந்தக் கணக்கில் விலையைவிட மாதங்களே அதிகம் ஆட்டிப்படைக்கின்றன. இங்கேதான் உங்கள் கேள்வியில் நீங்களே கவனிக்காமல் போட்டுவிட்ட மிகப் பெறுமதியான தகவல் இருக்கிறது: ஒரு போனை நீங்கள் ஐந்தாவது ஆண்டுவரை உடையாமல் வைத்திருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பலர் இரண்டாவது ஆண்டில் திரையை உடைத்துக்கொண்டோ ஆசை தீர்ந்தோ வருபவர்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் வேறு. நீண்டகாலம் வைத்திருப்பவர் நீண்டகால அப்டேட் உள்ள போனைத்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் பொறுமைக்குப் பலனில்லாமல் போகும்.

எத்தனை ஆண்டு அப்டேட் என்பது பிராண்டின் பெயரைவிட மாதிரியைப் பொறுத்தது. கூகுள் 2023 ஒக்டோபரில் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சுங் 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகளை அறிவித்தன. நடுத்தர விலையில், 2025இல் வந்த சாம்சுங்கின் ஏ26, ஏ36, ஏ56 மாதிரிகளுக்கு ஆறு ஆண்டுகள். ஒன்றைக் கவனியுங்கள்: ஆண்டுகள் எண்ணப்படுவது மாதிரி உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் பற்றுச்சீட்டு வாங்கிய நாளிலிருந்தல்ல. கடையில் ஒன்றரை ஆண்டு கிடந்த பெட்டியில் ஒன்றரை ஆண்டு ஏற்கனவே கழிந்துவிட்டது. அப்பிளைப் பொறுத்தவரை வரலாறு நல்ல சாட்சி சொல்கிறது. 2015இல் வந்த ஐபோன் 6எஸ், 2021இன் இயங்குதளப் பதிப்பான ஐஓஎஸ் 15ஐப் பெற்றது. 2018இன் ஐபோன் எக்ஸ்ஆர், 2024இன் ஐஓஎஸ் 18ஐப் பெற்றது. 2021 செப்டெம்பரில் வெளியான ஐபோன் 13, 2025இல் வந்த ஐஓஎஸ் 26க்கும் தகுதி பெற்றது. இனி அதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் மீதமிருக்கலாம் என்பது கடந்த காலத்தை வைத்து நான் போடும் ஊகம், நிறுவனத்தின் வாக்குறுதியல்ல. அப்டேட் நின்ற பிறகும் சில காலம் செயலிகள் ஓடும். 2025 மே மாதம் ஐஓஎஸ் 15.1க்குக் கீழ்ப்பட்ட போன்களில் வட்ஸ்அப் நின்றபோது, அதிகம் பாதிக்கப்பட்டவை 2014இல் வந்த ஐபோன் 6 போன்ற கிழடுகளே. கடைக்காரர் காட்டும் சீனப் போனுக்கு எத்தனை ஆண்டு என்பதை, பெட்டியிலுள்ள மாதிரிப் பெயரை முழுமையாகத் தட்டி, நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் பாருங்கள். ஒரே பெயரில் பின்னொட்டு மட்டும் மாறிய இரண்டு போன்களுக்கு வெவ்வேறு காலம் கொடுப்பது அவர்களிடம் வழமை.

அடுத்தது உதிரிப்பாகம். இதை எந்த விளம்பரமும் சொல்லாது, ஆனால் என் தொழிலே இதுதான். வாங்குவதற்கு முன் இரண்டு திருத்தும் கடைகளுக்கு அழைத்து, "இந்த மாதிரிக்கு ஒரிஜினல் டிஸ்ப்ளே கையில் இருக்கிறதா, என்ன விலை?" என்று கேளுங்கள். "சீனாவிலிருந்து எடுப்பிக்க வேண்டும், மூன்று வாரம்" என்ற பதில் வந்தால், அந்த மலிவு போனின் விலையில் அந்த மூன்று வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்சுங்கின் நடுத்தர மாதிரிகளுக்கும் ஐபோன்களுக்கும் அதிகம் விற்பனையாகும் ரெட்மி மாதிரிகளுக்கும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் பாகம் கிடைப்பது சுலபம்; அரிதாக விற்கும் மாதிரிகளுக்குத் தேடி அலைய வேண்டும். கொப்பித் திரை விடயத்திலும் எச்சரிக்கை தேவை. ஓஎல்ஈடி திரை உள்ள போனுக்கு மலிவான எல்சிடி திரையைப் பொருத்தினால் வெளிச்சம் குறையும், பற்றரி விரைவில் இறங்கும்; உங்கள் ஏ52 போலத் திரைக்கு அடியில் ஒளியால் கைரேகை வாசிக்கும் போனில் கைரேகையே வேலைசெய்யாது. திருத்தியவரைத் திட்டிப் பயனில்லை, அந்தத் திரைக்குள்ளால் ஒளி ஊடுருவ முடியாது. (கடற்கரைப் பக்கம் வசிக்கிறீர்கள் என்பதால் ஒன்று: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியிலிருந்து வரும் போன்களின் சார்ஜ் துளைகளில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். ஈரக் கையோடு சார்ஜ் போடாதீர்கள்.)

பிராண்டை மாற்றுவதால் வரும் இழப்புக்கு வருகிறேன். நம்மில் பலரைப்போல நீங்களும் இரண்டு சிம் பாவிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டால், பொதுவாக இங்கு கிடைக்கும் ஐபோன் 13இல் ஒரு சிம் அட்டைக்கே இடம் உண்டு. மற்றதை, அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே பதியும் ஈசிம்மாக மாற்ற வேண்டும். சீனச் சந்தைக்கு வந்ததில் இரண்டு அட்டை போடலாம். எந்த ஐபோன் 13இலும் மெமரி கார்ட் இடம் இல்லை. சார்ஜ் துளை அப்பிளின் சொந்த லைட்னிங் வகை. ஐபோன் 15இலிருந்துதான் யூஎஸ்பி சி வந்தது, ஆகவே வீட்டிலுள்ள உங்கள் வயர் பொருந்தாது. சீன அன்ட்ரொயிட்டுக்கு மாறினால் வயர் பொருந்தும், ஆனால் சில பிராண்டுகளின் அதிவேக சார்ஜ் அவர்களுடைய சொந்தச் சார்ஜரில் மட்டுமே முழு வேகத்தைத் தரும். பழகிய பிராண்டிலேயே இருந்தால் எதுவும் மாறாது என்றும் எண்ணிவிடாதீர்கள். உங்கள் ஏ52இல் இருக்கும் வட்டமான ஹெட்போன் துளை ஏ53இலேயே போய்விட்டது. ஏ56இல் மெமரி கார்ட் இடமும் இல்லை, ஏ26இல் இருக்கிறது. தமிழ் தட்டச்சுக்கு இரு பக்கமும் குறையில்லை. ஐபோனிலேயே தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளடங்கி வருகின்றன. விரல் பழக ஒரு மாதம் எடுக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது வட்ஸ்அப். அன்ட்ரொயிட்டில் கூகுள் டிரைவில் சேமித்த உரையாடல்களை ஐபோன் வாசிக்காது. 2022இலிருந்து, ஐபோனுக்கு மாற்றும் அப்பிளின் செயலி வழியாக உரையாடல்களைக் கொண்டுபோகலாம். ஆனால் ஐபோன் புதிதாகத் தொடங்கும் நிலையில், அல்லது முழுவதும் அழித்த நிலையில் இருக்க வேண்டும். "முதலில் போனைத் தொடங்கிக்கொள்வோம், வட்ஸ்அப்பைப் பிறகு பார்ப்போம்" என்று நினைத்தால் திரும்பவும் அழிக்க வேண்டிவரும். அந்த வசதி இல்லாத நாட்களில், தொழில்காரன் என்ற தைரியத்தில் என் அக்காவின் போனை நானே ஐபோனுக்கு மாற்றிக்கொடுத்தேன். படங்களும் தொடர்பு எண்களும் வந்துசேர்ந்தன. பழைய போனை அன்றே அழித்துக் கழிவு விலைக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான், காலஞ்சென்ற அப்பா அனுப்பியிருந்த குரல் பதிவுகளைத் தேடினா. பிழை என்னுடையது, அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மகன் பார்த்து வைத்த ஐபோனையே வாங்குவதென்று முடிவானால், சில விடயங்களைக் காசு கொடுப்பதற்கு முன் பாருங்கள். அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்தில் மாதிரி எண் 'எம்' எழுத்தில் தொடங்கினால் புதிதாக விற்கப்பட்டது, 'எஃப்' என்றால் நிறுவனம் புதுப்பித்தது, 'என்' என்றால் மாற்றாகக் கொடுக்கப்பட்டது. அதே பக்கத்தில், திரையோ பற்றரியோ மாற்றப்பட்டிருந்தால் அந்த விபரமும், பாகம் அசலா அறியப்படாததா என்பதும் தெரியும். ஜப்பானிலிருந்து வந்த போனில் படமெடுக்கும் சத்தத்தை நிறுத்த முடியாமல் போகலாம். அமெரிக்காவிலிருந்து வந்தது, ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் வலையமைப்புப் பூட்டோடு இருக்கலாம், ஐபோன் 14 முதல் சிம் துளையே இராது. முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை உங்கள் கண்முன் அழித்து, மீண்டும் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள், தயங்குபவரிடம் வாங்காதீர்கள். எந்தப் போனானாலும் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணை எடுத்து, ஆங்கிலத்தில் ஐ, எம், ஈ, ஐ என்ற நான்கு எழுத்துகளோடு ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் வாங்கினாலும் தெருவோரக் கடையில் வாங்கினாலும், உத்தரவாதம் இலங்கை முகவருடையதா, கடையுடையதா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன உத்தரவாதத்தை நான் திருத்தியதேயில்லை.

என் முடிவைக் கேட்டால், நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்க்கும்போது, ஆறு ஆண்டு அப்டேட் உள்ள, வெளிவந்து ஓராண்டுக்குள்ளான நடுத்தர மாதிரி ஒன்றைப் பழகிய பிராண்டிலேயே வாங்குவது உங்கள் சுபாவத்துக்குப் பொருந்தும். 90,000 ரூபாப் போனின் அப்டேட் காலமும் நான்கு ஆண்டுக்கு மேல் என்று அதன் நிறுவனமே எழுதியிருந்து, திரையும் கொழும்பில் கையிருப்பில் கிடைத்தால், நான் மனதை மாற்றிக்கொண்டு அதையே வாங்கச் சொல்வேன். 40,000 ரூபா சும்மா வருவதில்லை. ஐபோனை வாங்கத் தகுந்த காரணம் ஒன்று உண்டு: வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனைவரும் அதிலேயே இருந்து, போனில் சிக்கல் வந்தால் மகன்தான் பார்க்கப்போகிறார் என்றால், அவருக்குப் பழகியது உங்களுக்கும் சுலபம். இந்த வசதியை என் மாதக் கணக்கு காட்டாது. எதை வாங்கினாலும், பழைய ஏ52ஐ அன்றே கழிவு விலைக்குக் கொடுத்துவிடாமல், பாதி சார்ஜில் ஒரு மாதம் அலுமாரியில் வைத்திருங்கள். வங்கிச் செயலிகள், கடவுச்சொற்கள், மெமரி கார்ட்டிலுள்ள படங்கள், குரல் பதிவுகள் எல்லாம் புதிய போனில் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு அழியுங்கள்.